அஸ்திவாரக் குழி

வீட்டுப் பின்பக்கம் மண் தோண்டிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று நின்றபோது பவளம் லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். காலையிலிருந்து அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டிப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது. காபி குடிக்க நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் கான்ட்ராக்டர் நூர் அகமது கண்ணாடிக் கதவைத் தட்டினார். எப்போதும் வாசலில் நின்றபடியே சத்தமாகப் பேசிவிட்டுப் போகிறவர், அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, கொஞ்சம் வெளிய வர்றீங்களா? மீட்டிங்க கட் பண்ணிட்டே வாங்க.”

மில்பிடாஸில் அந்த வீட்டை வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இரண்டே படுக்கையறை. ஒன்றில் பவளமும் அவள் கணவன் திருமூர்த்தியும் படுத்தார்கள், இன்னொன்றில் அவர்களுடைய இரண்டு ஆபீஸ்களும் இருந்தன. குழந்தைகள் இல்லாத வீடு என்பதால் அது போதுமானதாகத்தான் இருந்தது, பவளத்தின் தம்பி கதிர் வந்து சேரும்வரை. டல்லஸில் அவனுக்கு விவாகரத்தாகி, இங்கே ஒரு வேலையும் கிடைத்து, அபார்ட்மென்ட் பார்க்கிற வரைக்கும் என்று வந்தவன் ஹால் சோபாவிலேயே தங்கிவிட்டான். போகச் சொல்ல பவளத்துக்கு மனசு வரவில்லை. திருமூர்த்தியும் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. சமையலறை அலமாரிக் கதவுகளை மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் பலமாகச் சாத்தினான். சாயங்காலம் டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்த மனுஷன், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்ப் படுத்தான். கடைசியில் பின்பக்கம் ஒரு சின்ன வீடு கட்டிவிடலாம் என்று முடிவானதில் மூன்று பேருக்குமே நிம்மதி. அதன் அஸ்திவாரத்துக்குத்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

குழியின் ஓரத்தில் மண் கறுப்பாக, சிப்பித் துண்டுகளோடு கிடந்தது. நூர் அகமது குனிந்து விரலால் காட்டினார், தொடவில்லை.

“நாயா இருக்கும்னுதான் மொதல்ல நெனச்சேன். பல்லப் பாத்ததும் மெஷின நிறுத்தச் சொல்லிட்டேன்.”

பவளத்துக்குப் பார்த்ததும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு தாடை. அதற்கு மேலே மண்ணோடு மண்ணாக உருண்டையாகத் தெரிந்தது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அப்படியே இரண்டடி பின்னால் நகர்ந்து, செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் தடுக்கி, சமாளித்து நின்றாள்.

திருமூர்த்திக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதை அவனிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

“மண்ணத் தள்ளி மூடிட்டு, கொஞ்சம் அந்தப் பக்கமா தோண்டச் சொல்லு. இதுக்கெல்லாம் யாராவது வேலைய நிறுத்துவாங்களா? பர்மிட்டுக்கு எத்தன நாள் அலைஞ்சோம்?”

நூர் அகமது போன் பக்கமாகக் குனிந்தார். “சார், சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் லைசென்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். மையத்து கெடக்குதுன்னு கண்ணால பாத்தப்புறம் அதுக்கு மேல கான்கிரீட் ஊத்த எனக்குக் கை வராது. நான் கவுண்டி ஆபீஸுக்கு போன் பண்றேன்.”

“நான் வேண்டாம்னு சொல்லலீங்க பாய்,” என்றான் திருமூர்த்தி. “சும்மா கேட்டேன்.”

மதியத்துக்கு மேல் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி சந்தேக மரணங்களை விசாரிக்கிற கவுண்டி அலுவலகத்திலிருந்து வந்தவள், சீருடையில் இருந்தாள். இன்னொருத்திக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள், கையில் ஒரு பிரஷும் மூங்கில் குச்சிகளும். வந்ததும் குழிக்குள் இறங்கி, பிரார்த்தனைக்கு உட்கார்வதுபோல் மண்டியிட்டாள். குச்சியால் மண்ணை நெருடி நெருடி எடுத்தாள். பவளம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் அந்தப் பெண் நிமிரவே இல்லை. அப்புறம் அவள் போன் அடித்தது. இரண்டு விரலால் அதை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, “அம்மா, வேலைல இருக்கேம்மா. சாப்ட்டேன், சாப்ட்டேன். அப்பறம் கூப்டறேன்,” என்றாள்.

பவளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாப்ட்ட மாதிரி தெரியலையே,” என்றாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து வெட்கப்பட்டாள். பெயர் சண்முகப்ரியா, வளர்ந்ததெல்லாம் பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட். “ப்ரியான்னே கூப்டுங்க ஆன்ட்டி.” ஆன்ட்டி என்றது பவளத்துக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இருந்தாலும் தட்டில் இரண்டு இட்லியை வைத்துச் சட்னி ஊற்றிக் கொண்டுவந்தாள். குழியை விட்டு வெளியே வந்து, கையை மூன்று தடவை கழுவிவிட்டு, படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள் ப்ரியா. சீருடைப் பெண் அதற்குள் காருக்குப் போயிருந்தாள். இது போலீஸுக்கு வேலையில்லாத எலும்பு, மிகப் பழையது என்று அவள் எழுதிக்கொண்டு போனதாக ப்ரியா சொன்னாள்.

“நீங்க டாக்டரா?”

“இல்ல ஆன்ட்டி, ஆந்த்ரோபாலஜிஸ்ட். தமிழ்ல மானுடவியல்னு சொல்வாங்களாம். எங்கம்மா இன்னும் யார் கேட்டாலும் லேப்ல இருக்கான்னுதான் சொல்றாங்க.”

“மியூசியத்துல எலும்ப அடுக்கி வெப்பாங்களே, அதா?”

“அது ஒரு பகுதிதான். எலும்பப் பாக்கறது என்னோட பங்கு. என் ஃப்ரெண்ட் ஒருத்தி ஒரு ஹாஸ்பிட்டல்ல போய் ரெண்டு வருஷம் உக்காந்திருந்தா, நர்ஸுங்க சாவப் பத்தி ஒருத்தருக்கொருத்தர் எப்படிப் பேசிக்கறாங்கன்னு பாக்க. இன்னொருத்தர் மொழியப் பாக்கறார். இப்ப நீங்க அந்த கான்ட்ராக்டர பாய்னு கூப்டறீங்க, அவர் உங்களத் தங்கச்சிங்கறார். ரெண்டு பேரும் சொந்தமா? இல்ல. ஆனா சொந்தக்காரங்க மாதிரிதான் பேசிக்கறீங்க. இது ஏன்னு கேட்டுட்டு ஒரு ஆள் உங்க வீட்டுல ஆறு மாசம் வந்து உக்காந்தா, அவரும் ஆந்த்ரோபாலஜிஸ்ட்தான்.”

“ஆறு மாசம் உக்கார இங்க ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான்,” என்றாள் பவளம். சொன்னதும் கதிர் காதில் விழுந்திருக்குமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் ப்ரியா அவளைக் குழியருகே கூப்பிட்டாள். பவளம் தயங்கித் தயங்கிப் போனாள். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்ட ஒரு ஆள். முழுவதும் வெளியே வரவில்லை, பாதி மண்ணுக்குள்தான் இருந்தது. பெண்தான் என்றாள் ப்ரியா, இடுப்பெலும்பைக் காட்டி. நடுவயதைத் தாண்டினவள். கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது, சுமை தூக்கியிருக்க வேண்டும். முன்பல்லைக் காட்டும்போது ப்ரியாவின் குரலில் ஒரு துள்ளல் வந்தது.

“இங்க பாருங்க, சின்னச் சின்னக் கோடு. வாய்க்கால் மாதிரி. பல்லுல நாரக் கடிச்சு இழுத்து இழுத்து வந்த தடம். கூடை பின்னினவங்களா இருக்கணும். வருஷக்கணக்கா பின்னாம இப்படித் தேயாது.”

பவளத்தின் நாக்கு தன்னாலே அவளுடைய முன்பல்லைத் தடவியது. ஹேர்பின்னைப் பல்லால் கடித்து விரித்து விரித்து அங்கே ஒரு சில்லு போயிருந்தது. போன வருஷம் டென்டிஸ்ட் கேட்டபோது ஏனென்று அவளால் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தலை பின்னும்போதுதான் உறைத்தது. இப்போது அதைச் சொன்னாள். ப்ரியா கடகடவென்று சிரித்தாள். “அதேதான் ஆன்ட்டி! கரெக்டா அதேதான்!”

அதுவரை பொணம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அதற்கப்புறம் அந்தச் சொல் வரவில்லை.

அடுத்து என்ன என்று கேட்டாள். இந்த நிலத்தில் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே வாழ்ந்த ஓலோனி மக்களின் வாரிசுகளில் ஒருவரை மாநில அரசு அனுப்பும், அவர் பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்வார் என்றாள் ப்ரியா. அதுவரை எதையும் எடுக்கக் கூடாது.

“உங்களுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்க வேண்டாமா?”

ப்ரியா மூங்கில் குச்சியைத் துடைத்து உறையில் போட்டாள். “எங்க ஆளுங்க முன்னாடி அப்படித்தான் செஞ்சாங்க. கேக்காமலே. யூனிவர்சிட்டி பேஸ்மென்ட்ல பெட்டி பெட்டியா இருக்கு, பேரு கிடையாது, நம்பர்தான். இவங்க நூறு வருஷமா திருப்பிக் குடுங்கன்னு கேட்டுட்டிருக்காங்க.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது திருமூர்த்தி போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். நண்பர்கள் குழுவில் விஷயத்தைப் போட்டிருந்தான், ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். பரிகாரம் செய்யச் சொன்னார் ஒருவர். வீட்டை விற்றவன் மேல் கேஸ் போடச் சொன்னார் இன்னொருவர்.

“வீட்டுக்குப் பின்னாடி பொணத்த வெச்சுட்டு எப்பிடித் தூங்கறது? நாளைக்கு விக்கறதுன்னா எவன் வாங்குவான்?”

“அவங்க நமக்கு முன்னாடியே இருந்தாங்க. நாமதான் பின்னாடி வந்து படுத்தோம்,” என்றாள் பவளம்.

கதிர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எனக்காகத்தானக்கா இத்தனையும். நான் ஃப்ரீமான்ட்ல ஒரு ரூம் பாத்துக்கறேன். மாமாவுக்கும் சிரமம்.”

திருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். மறுக்க வேண்டிய இடம் அது. அவன் மறுக்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டான். பவளம் எழுந்து போய்த் தேவையில்லாமல் அடுப்பைத் துடைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. அந்த வருஷத்தின் முதல் மழை, இப்படிக் கொட்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ப்ரியா குழிமேல் தார்ப்பாயைப் போட்டுச் செங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பவளம் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தபோது காற்று ஒரு மூலையைக் கிளப்பியிருந்தது. கதிர் ஏற்கெனவே வெளியே ஓடிவிட்டான். தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்தால் மறுமூலை பறந்தது. பக்கத்து வீட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் வேறு இறங்கி நேராகக் குழியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

அவள் செருப்பைத் தேடுவதற்குள் படுக்கையறைக் கதவு திறந்தது. திருமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனான்.

“மாப்ள, அத விடு! மொதல்ல தண்ணியத் திருப்பணும். அந்த மம்பட்டிய எடு!”

இரண்டு பேருமாகச் சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டினார்கள். திருமூர்த்தி கோபிச்செட்டிபாளையத்துக்காரன், வயலுக்குத் தண்ணீர் கட்டத் தெரிந்தவன். ஆனால் மண்வெட்டி பிடித்து எத்தனையோ காலமாகியிருந்தது, கொஞ்ச நேரத்திலேயே இரைத்தது. கதிர் வாங்கிக்கொண்டான். தண்ணீர் ஒரு முறை தயங்கி நின்று, பிறகு வேலிப் பக்கமாகத் திரும்பி ஓடியது. திருமூர்த்தி தார்ப்பாயைத் தூக்கிக் குழிக்குள் குனிந்து பார்த்தான். அவன் அந்தக் குழிக்குப் பக்கத்தில் போனது அதுதான் முதல் தடவை. மழையில் நனைந்துகொண்டு அவன் அவ்வளவு நேரம் அப்படிக் குனிந்து நின்றது பவளத்துக்கு வியப்பாக இருந்தது. பிறகு மெதுவாக மூடி, நான்கு பக்கமும் செங்கல்லை இறுக்கி வைத்தான்.

உள்ளே வந்தபோது இருவரும் முழங்கால் வரை சேறு. பவளம் துண்டை நீட்டினாள். திருமூர்த்தி கதிரின் தலையில் துண்டைப் போட்டு, சின்னப் பையனுக்குத் துவட்டுவதுபோல் அழுத்தித் துவட்டினான்.

“ஃப்ரீமான்ட்லாம் ஒண்ணும் வேண்டாம். இங்கயே கெட. டிவிய நான் ரூம்ல மாட்டிக்கறேன்.”

கதிர் துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னான், கேட்கவில்லை. துண்டை எடுக்க அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை டோலோரஸ் வந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும், குட்டையான பெண்மணி, நரைத்த கூந்தலை ஒற்றைப் பின்னலாகப் போட்டிருந்தார். அரசு அனுப்பிய வாரிசு அவர்தான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம். ப்ரியா தார்ப்பாயை விலக்கினாள். டோலோரஸ் குழியின் ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். நூர் அகமதுவும் வந்திருந்தார், தள்ளி வேலியோரம் நின்றார். எங்கோ ஒரு வீட்டில் இலை ஊதும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ப்ரியா தான் பார்த்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். பல்லைப் பற்றியும் சொன்னாள். பிறகு, தயங்கி, கேட்டாள். ஒரு பல்லிலிருந்து துளி எடுத்துச் சோதித்தால் இவர் எந்தக் காலத்தவர், என்ன சாப்பிட்டார், எந்த மலைப்பக்கம் பிறந்தவர் என்றெல்லாம் சொல்ல முடியும். சம்மதமா?

டோலோரஸ் கோபப்படவில்லை. “நீ கேட்டதற்கு நன்றி,” என்றார் ஆங்கிலத்தில். “வேண்டாம், மகளே. அவரை நிறையத் தொந்தரவு செய்தாகிவிட்டது.”

ப்ரியா தலையசைத்தாள். கையிலிருந்த அளவுகோலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். படம் எடுத்தாயா என்று டோலோரஸ் கேட்டார். பதிவுக்கென்று எடுத்த இரண்டைக் காட்டி, பல்லைப் படம் எடுத்ததை அவர் கண்முன்னாலேயே அழித்தாள்.

பவளத்துக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “இவங்க உங்க சொந்தம்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டோலோரஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். “தெரியாது. ஆனால் இவருக்கு இப்போது எங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?”

கொஞ்சம் கழித்து அவரே விஷயத்துக்கு வந்தார். வேறு இடத்தில் கொண்டுபோய்ப் புதைக்கலாம், பலர் அப்படித்தான் கேட்பார்கள். அவர் விருப்பம் அதுவல்ல. படுத்த இடத்திலேயே விட வேண்டும், மேலே எதுவும் கட்டக் கூடாது. “ஆனால் வீடு உங்களுடையது. நான் கேட்கத்தான் முடியும்.”

எல்லோரும் திருமூர்த்தியைப் பார்த்தார்கள். அவன் நூர் அகமதுவைப் பார்த்தான்.

“பாய், பிளான காரேஜ் பக்கமா தள்ளுனா என்ன ஆவும்?”

“ஒரு ரூம் போயிரும் சார். பர்மிட் மறுபடியும் மொதல்ல இருந்து. வசந்த காலம் ஆயிரும்.”

“ஆவட்டும்,” என்றான் திருமூர்த்தி. பிறகு டோலோரஸிடம் ஆங்கிலத்தில் சொன்னான். “அவர் இங்கேயே இருக்கட்டும்.”

அன்றைக்குக் கிளம்பும்போது காரருகே ப்ரியாவைப் பவளம் பிடித்துக்கொண்டாள்.

“வருத்தமா இருக்கா கண்ணு?”

“இருக்கு ஆன்ட்டி. பொய் சொல்ல மாட்டேன். அந்த மாதிரி பல்ல நான் பாத்ததே இல்ல.” சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். “மனுஷங்களப் பத்திக் கேள்வி கேக்கறதுதான் என் வேல. ஆனா வேண்டாம்னு சொன்னவங்களும் மனுஷங்கதான? அத விட்டுட்டு நான் என்னத்தப் படிச்சுக் கிழிக்கப் போறேன்?”

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் டோலோரஸ் தன் வீட்டார் நாலைந்து பேரோடு வந்தார். நாங்கள் செய்யப்போவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று முன்னமே கேட்டுக்கொண்டிருந்தார். பவளம் பின்பக்கத்து ஜன்னல்களின் பிளைண்ட்ஸை ஒவ்வொன்றாக இறக்கினாள். ப்ரியாவும் வந்திருந்தாள். அவளும் பின்பக்கம் போகவில்லை, சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். வெளியே ஒரு குரல் பாடுவது கேட்டது. ப்ரியா கத்தியை வைத்துவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டாள். எதற்கு என்று பவளத்துக்கு உடனே புரியவில்லை. பாட்டின் சொற்கள் காதில் விழாமலிருக்கத்தான் என்று பிறகு புரிந்தது.

குரல் ஓய்ந்ததும் திருமூர்த்தி குளியலறைக்குப் போனான். தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு திருநீறு பூசிக்கொண்டு வந்தான். காலையில் ஒருமுறை குளித்தவன்தான். ப்ரியா அவனைப் பார்த்தாள், பவளத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. கதிரும் எழுந்து குளிக்கப் போனான்.

டோலோரஸ் கண்ணாடிக் கதவைத் தட்டிக் கை கழுவலாமா என்று கேட்டார். பவளம் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டாள். அவர்கள் சோபாவிலும் தரையிலுமாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்கள். டோலோரஸின் மருமகன் காரச் சட்னியை மூன்று முறை கேட்டு வாங்கினான். பேருந்து ஓட்டின காலத்துப் பிள்ளைகளின் சேட்டைகளை டோலோரஸ் சொல்லச் சொல்ல, கதிர் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று என்பது அப்போதுதான் பவளத்துக்குத் தோன்றியது. கல்லில் கிடந்த தோசையைத் திருப்ப மறந்து கருக விட்டுவிட்டாள்.

வசந்தத்தில் வேலை மறுபடி தொடங்கிக் கோடையில் முடிந்தது. ஒரே ஒரு அறை, ஒரு குளியலறை, ஒருவர் நின்று சமைக்கிற அளவுக்கு அடுப்படி. காரேஜை ஒட்டிச் சற்றுக் கோணலாக நின்றது. கடைசிச் சோதனைக்கு நகராட்சியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் பேச்சில் பிரியமுள்ள மனிதர். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் வெறுமனே விடப்பட்டிருந்த நிலத்தைக் காட்டினார். இவ்வளவு நல்ல இடம் காலியாகக் கிடக்கிறதே, அங்கேயே பெரிதாகக் கட்டியிருக்கலாமே என்றார்.

பவளம் கதவருகே நின்றிருந்தாள். திருமூர்த்தி வெளியாட்களிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன், லிஃப்டில் பார்க்கிற ஆளிடம்கூட வீட்டுக்கதை சொல்கிறவன். இப்போது ஆரம்பித்துவிடுவான், மழையிலிருந்து பல்வரைக்கும் சொல்லிவிடுவான் என்று நினைத்தாள்.

“அங்கே கட்ட முடியாது,” என்றான் திருமூர்த்தி. அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவன் அவர் தோளைத் தொட்டு, உள்ளே ஜன்னல் சரியாகச் சாத்த மாட்டேனென்கிறது, அதை ஒரு தடவை பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனான்.